இடுப்புக்குள் இருப்பது என்ன என்று அறிந்திருப்போம்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலின் சுகாதார அமர்வில், 1974ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர வகுப்பைச் சேர்ந்த மூவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச எத்தனையோ இனிமையான விடயங்கள் இருக்க, இடுப்பு மூட்டைப் பற்றிப் பேச ஏன் வந்தோம் என்று சிலர் நினைக்கலாம். இந்த மண்டபத்துக்குள் வரும்போது படியில் கைபிடித்து ஏறியவர்களை நாங்கள் எண்ணிப் பார்த்தோம். ஒரு காலத்தில் வலைப்பந்தாட்டத் திடலைக் கலக்கியவர்கள்தான் அவர்கள். எங்கள் வயதில் ஒன்றுகூடினால் முதலில் பேரப்பிள்ளைகளின் படம், அடுத்து முழங்காலும் இடுப்பும். அந்தக் கதையைக் கொஞ்சம் ஒழுங்காகக் கதைப்போம் என்றுதான் மேடைக்கு வந்திருக்கிறோம்.

எங்கள் மூவரில் ஒருத்தி சத்திரசிகிச்சைக் கூடத்தில் நீண்டகாலம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். மற்றவள் இயன்மருத்துவர். மூன்றாமவள் செரமிக் இடுப்பு மூட்டு பொருத்தப்பட்டு, அது உடைந்து, மீண்டும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவள். நாங்கள் மூவரும் சேர்ந்தே இந்த உரையை எழுதினோம். ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

முதலில், மாற்றிப் பொருத்தும் மூட்டு என்றால் என்ன என்று பார்ப்போம். எங்கள் இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். வாதத்தாலோ, எலும்பு முறிவாலோ, இரத்த ஓட்டம் குறைந்து எலும்பின் தலை இறந்துபோவதாலோ இந்த மூட்டு பழுதானால், இரண்டையும் எடுத்துவிட்டுச் செயற்கையானதை வைக்கிறார்கள். அதில் நான்கு உறுப்புகள் உண்டு. தொடை எலும்பின் உள்ளே இறங்கும் உலோகத் தண்டு ஒன்று. தண்டின் கழுத்து முனையில் இறுக்கிப் பொருத்தும் பந்து இரண்டாவது. இடுப்பெலும்பில் பதிக்கும் உலோகக் கிண்ணம் மூன்றாவது. அந்தக் கிண்ணத்துக்குள் வைக்கும் உள்கிண்ணம் நான்காவது. பந்தும் உள்கிண்ணமுமே ஒன்றோடொன்று உரசுபவை. மூட்டு எத்தனை காலம் உழைக்கும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டும் எதனால் செய்யப்பட்டவை என்பதிலேயே தங்கியிருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் தந்தை என்று போற்றப்படுபவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் சாண்லி. அவர் முதலில் உள்கிண்ணத்துக்கு டெஃப்லோன் பாவித்தார். ஒட்டாத சட்டிகளில் பூசுகிற அதே பொருள்தான். வழுக்கும் என்று நம்பி வைத்தது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையைக் கெடுத்தன. அந்த நோயாளிகளுக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. அதன்பின் 1962இல் அடர்த்தி மிகுந்த பொலித்தீன் கிண்ணத்தையும் சிறிய உலோகப் பந்தையும் சேர்த்து அவர் செய்த மூட்டே இன்றுவரை உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சைக்கு அடித்தளம். மாற்று மூட்டு பிழைத்துப்போவதும் அதைத் திருப்பிச் செய்வதும் இந்தச் சிகிச்சையின் தொடக்கத்திலிருந்தே அதனுடன் கூட வருபவை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதையைச் சொன்னோம். உங்களுக்கு அப்படி நேர்ந்தால், உலகத்தில் இல்லாத ஒன்று எனக்கு மட்டும் நடந்துவிட்டது என்று இடிந்துபோக வேண்டாம்.

பொலித்தீனும் தேயும். அந்த நுண்துகள்களுக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து, மூட்டு தளரும். இளவயதில் மூட்டு மாற்றவேண்டி வந்தவர்களுக்கு இது பெரிய பிரச்சினையாக இருந்தது. இதற்கு விடையாக வந்ததுதான் செரமிக். 1970இல் பிரான்சில் பியேர் பூத்தான் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பந்து, கிண்ணம் இரண்டையும் அலுமினாச் செரமிக்கினால் செய்து பொருத்தினார்.

அலுமினா என்பது அலுமினியம் ஒட்சைட்டு. இரத்தினபுரி மண்ணில் நீலக்கல்லாகவும் சிவப்புக்கல்லாகவும் கிடைப்பதும் அதே பொருள்தான். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று அதற்குப் பெயர். எங்கள் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போன பெயர் அது. கடினத்தில் இயற்கைக் கற்களில் வைரத்துக்கு அடுத்த இடம் அதற்கு. கண்ணாடிபோல் மினுக்கலாம், நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், தேய்வது மிகமிகக் குறைவு. பின்னர் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அலுமினாவுடன் சிர்க்கோனியாவைக் கலந்து உறுதி கூட்டிய புதிய செரமிக் வந்தது. மென்சிவப்பு நிறப் பந்து அது. அந்த நிறம் அதில் சேர்க்கும் குரோமியத்தால் வருவது. சிவப்புக்கல்லுக்குச் சிவப்பைக் கொடுப்பதும் குரோமியமே. ஆகவே அப்படிப்பட்ட மூட்டு வைத்திருப்பவர்கள், இடுப்பில் இரத்தினக்கல் சுமப்பவர்கள் என்று பெருமைப்படலாம்.

ஆனால் கல்லுக்கும் பீங்கானுக்கும் ஒரு குணம் உண்டு. வளையாது, நசுங்காது, தாங்குமட்டும் தாங்கும், தாங்காத கட்டத்தில் உடையும். உடைந்தால் ஒன்றாக உடையாது. சில்லுசில்லாகவும் மாவாகவும் சிதறும். இந்தக் குணத்தை விளங்கிக்கொண்டால், நாங்கள் இனிச் சொல்லப்போவது எல்லாம் விளங்கும்.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எண்களைப் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் முதலிய இடங்களின் தேசிய மூட்டுப் பதிவேட்டிலிருந்து, பந்தும் உள்கிண்ணமும் செரமிக்காக உள்ள ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இடுப்பு மூட்டுகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி, புதிய வகைச் செரமிக் பந்து உடைந்து மீள் சத்திரசிகிச்சை செய்தது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு. பழைய அலுமினாப் பந்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு. உள்கிண்ணம் உடைவது பழையதிலும் புதியதிலும் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தது. இது மிகக் குறைவு. பொதுவாக எல்லா வகை இடுப்பு மூட்டுகளையும் எடுத்தால், 2019இல் 'லான்செட்' சஞ்சிகையில் வந்த ஆய்வு, பத்தில் ஆறு மூட்டுகள் அளவில் 25 ஆண்டுகள் நிற்கின்றன என்று கணித்தது. ஆகவே வைத்தியர் மூட்டை மாற்றச் சொன்னால், உடைந்துவிடும் என்ற பயத்தில் நோவோடு கட்டிலில் கிடக்க வேண்டாம். இந்தச் சிகிச்சை எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வைத்திருக்கிறது.

அப்படியானால், ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதைப் பற்றி ஏன் பேசவேண்டும்? அந்த ஒருவருக்கு முதல் தடவை என்ன செய்யப்படுகிறது என்பதில்தான் அவருடைய மிச்ச வாழ்க்கை தங்கியிருக்கிறது. அதற்காகத்தான்.

மூட்டு பிழைக்கும் வழிகள் பல. தண்டோ கிண்ணமோ எலும்பிலிருந்து தளரலாம். பந்து கிண்ணத்தை விட்டு விலகலாம். கிருமித்தொற்று வரலாம். விழுந்து, தண்டைச் சுற்றியுள்ள எலும்பே முறியலாம். இவை எந்த மூட்டுக்கும் பொது. செரமிக்குக்குக் குறிப்பாக உரியவை இரண்டு: உடைவதும் சத்தம் போடுவதும். உடைவதற்குக் காரணங்களும் பல. பலமாக விழுவது, உள்கிண்ணம் சற்றுச் சரிந்து பொருந்தியிருப்பது, பந்தைத் தண்டில் ஏற்றும்போது இடையில் எலும்புத் துணுக்கோ இரத்தமோ அகப்படுவது, கிண்ணம் சரியான கோணத்தில் இல்லாமல் தண்டின் கழுத்து அதன் விளிம்பில் திரும்பத் திரும்ப இடிப்பது ஆகியவை முக்கியமானவை. சிலவேளை தயாரிப்பிலேயே பிழை இருக்கும். 1998இல் பிரான்சில் ஒரு நிறுவனம் சிர்க்கோனியாப் பந்துகளைச் சுடும் சூளையை மாற்றியது. அந்தப் புதிய சூளையில் சுட்ட சில தொகுதிகள் வழமைக்கு மாறாக உடையத் தொடங்க, 2001இல் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். சூளையின் சூட்டில் பானை பிழைப்பதை எங்கள் குயவர்கள் அறிவார்கள். இதுவும் அதுதான். அப்போது, தன் இடுப்பில் உள்ள பந்து எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று தொகுதி எண் வைத்திருந்தவருக்கே உடனே தெரிந்தது. இந்தத் தொகுதி எண் விடயத்துக்குப் பிறகு வருவோம்.

இனி அடையாளங்கள். சிலருடைய செரமிக் மூட்டு நடக்கும்போது கீச்சிடும். எண்ணெய் போடாத கதவுபோல ஒரு சத்தம். நோவில்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் பலருக்கு அது ஆபத்தில்லை. ஆனாலும் வைத்தியரிடம் ஒருமுறை காட்டவேண்டும். ஏனெனில் கிண்ணத்தின் கோணம் பிழை என்பதற்கோ, உள்கிண்ணம் வெடித்திருப்பதற்கோ அது அறிகுறியாகலாம். இதுவரை இல்லாத சத்தம் திடீரென்று வந்தால், 'டக்' என்று உள்ளே ஏதோ நழுவியதுபோல் இருந்தால், மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால், கவட்டில் புதிதாக நோவு தொடங்கினால், கால் கட்டையாகிவிட்டதுபோல் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். அந்தக் காலில் பாரம் போடாமல், மூட்டு மாற்றும் நிபுணர் உள்ள வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

எங்கள் மூன்றாமவளின் அனுபவம் இது. 2004இல், 46 வயதில், அவள் அப்போது வாழ்ந்த ஐரோப்பிய நகரமொன்றில் செரமிக் பந்தும் செரமிக் உள்கிண்ணமும் வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லை. 2016இல் ஊருக்கு வந்திருந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் உள்ளே ஒரு வெடிப்புச் சத்தம். விழவும் இல்லை, பெரிய நோவும் இல்லை. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் நெருநெருவென்று அரைபட்டது. உறவினர்கள் நோவெண்ணெய் பூசச் சொன்னார்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை கட்டலாம் என்றார்கள். எங்கள் ஊர் வைத்தியத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் செயற்கை மூட்டு உள்ள காலை உருவி இழுப்பது கூடாது. அவள் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டு அதனதன் இடத்தில் இருக்கிறது, இது தசைநோவு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அவள் விடவில்லை. "நோவைப் பற்றி நான் கேட்கவில்லை, சத்தத்தைப் பற்றிக் கேட்கிறேன்" என்று சொல்லி வேறு நிபுணரிடம் போனாள். அவர் அவளை நடக்கச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். சீ.ரி. ஸ்கான் எடுத்தபோது உள்கிண்ணத்தின் விளிம்பு உடைந்து, துண்டுகள் மூட்டைச் சுற்றிச் சிதறியிருந்தது தெரிந்தது. சிறு உடைவுகள் சாதாரண எக்ஸ்ரேயில் எப்போதும் தெரிவதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்து அந்த நிபுணர் கேட்ட கேள்வி: "அம்மா, உள்ளே இருப்பது எந்தக் கம்பனியின் தண்டு?" அவளுக்குத் தெரியாது. செரமிக் என்று மட்டும் தெரியும். பழைய வைத்தியசாலை வேறொன்றுடன் இணைக்கப்பட்டு, கோப்புகள் எங்கோ களஞ்சியத்துக்குப் போயிருந்தன. கடைசியில் அங்கே இருந்த மகள் வீட்டு அலுமாரியைப் புரட்டி, ஒரு மஞ்சள் உறைக்குள் சத்திரசிகிச்சை அறிக்கையைக் கண்டெடுத்தாள். அதில் நான்கு சிறிய ஒட்டுச்சீட்டுகள் ஒட்டியிருந்தன. பிள்ளை அதைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் சத்திரசிகிச்சைக்குத் திகதி வைக்க முடிந்தது.

அந்தச் சீட்டுகள் ஏன் அவ்வளவு முக்கியம்? மீள் சத்திரசிகிச்சை எப்படி நடக்கிறது என்று சொன்னால் விளங்கும்.

செரமிக் உடைந்த மூட்டைத் திறந்தால், உள்ளே கண்ணாடிக் குவளை உடைந்த இடம்போல் இருக்கும். பெரிய துண்டுகளைப் பொறுக்கலாம். மாவாய்ப் போனது மூட்டைச் சுற்றியுள்ள மென்சவ்வுக்குள் புதைந்திருக்கும். அந்தச் சவ்வை முழுவதும் அகற்றி, திரும்பத் திரும்பக் கழுவினாலும் ஒரு துகளும் மிஞ்சவில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மிஞ்சும் துகள் குருந்தக்கல்லின் கடினம் உள்ளது. அரத்தாள் என்று நாங்கள் மரத்தைத் தேய்க்கப் பாவிக்கிறோமே, அந்தக் குணம். இந்த நிலையில் புதிதாக ஓர் உலோகப் பந்தை வைத்தால் என்ன ஆகும்? மிஞ்சிய துகள்கள் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் அகப்பட்டு, ஒவ்வொரு அடியிலும் அந்த உலோகத்தை அராவும். உலோகத்தில் இருக்கும் கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. ஜேர்மனியின் மார்பூர்க் பல்கலைக்கழக வைத்தியசாலைக்கு 2012ஆம் ஆண்டு மே மாதம் 55 வயதான ஒருவர் வந்தார். கடுமையான இதயச் செயலிழப்பு. காரணம் தெரியாத காய்ச்சல். தைரொயிட் சுரப்பி மந்தம். காதும் கண்ணும் மங்கிக்கொண்டு வந்தன. எந்த வைத்தியராலும் இவற்றை ஒன்றாய்க் கோர்க்க முடியவில்லை. பேராசிரியர் யூர்கன் ஷேஃபர் என்பவர் 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை வைத்து மாணவர்களுக்குப் படிப்பிப்பவர். அந்தத் தொடரின் ஒரு கதையில் வந்த கோபால்ட் நஞ்சேற்றம் அவருக்கு நினைவு வந்தது. விசாரித்தபோது, 2010இல் அந்த நோயாளியின் உடைந்த செரமிக் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்திருந்தது தெரிந்தது. இரத்தத்தில் கோபால்ட் வழமையின் ஆயிரம் மடங்கு அளவில் இருந்தது. மூட்டைத் திரும்பவும் மாற்றிச் செரமிக் வைத்தபிறகு இதயம் ஓரளவு தேறியது. கண்ணும் காதும் பெரிதாகத் திரும்பவில்லை. 2014இல் இது 'லான்செட்' சஞ்சிகையில் வந்தது.

பிரான்சில் செரமிக் பந்து உடைந்து மீள் சத்திரசிகிச்சை செய்த 105 பேரைப் பற்றி 2003இல் வந்த ஆய்வும் இதையே வேறு வழியில் சொன்னது. ஐந்து ஆண்டுகளில் மறுபடியும் மாற்றவேண்டி வராமல் நின்றவை நூற்றுக்கு 63 மட்டுமே. பிழைத்தவை எவை என்று பார்த்தால், துருப்பிடிக்காத உருக்குப் பந்து வைத்தவர்கள், சவ்வை முழுவதும் அகற்றாதவர்கள், கிண்ணத்தை மாற்றாமல் விட்டவர்கள், ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள் ஆகியோரிடம் கூடுதலாக இருந்தது. வயது எங்கள் கையில் இல்லை. மற்ற மூன்றும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அன்று எடுக்கும் முடிவுகள்.

ஆகவே உடைந்த செரமிக்குக்குப் பதிலாகத் திரும்பவும் செரமிக் பந்தே நல்லது என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பழைய தண்டு எலும்போடு நன்றாக ஒட்டியிருந்தால் அதை எடுப்பது கடினம், சிலவேளை தொடை எலும்பை நீளமாகப் பிளந்துதான் எடுக்கவேண்டும். எடுக்காமல் விட்டால், உடைந்த செரமிக் உரசி அதன் கழுத்து முனை கீறுபட்டிருக்கலாம். கீறுபட்ட முனையில் புதிய செரமிக் பந்தை நேரடியாக ஏற்றினால் அதுவும் உடையலாம். அதனால், இடையில் டைட்டேனியத்தால் செய்த உறை ஒன்றை அணிவித்து, அதன்மேல் அதற்கென்றே செய்த செரமிக் பந்தை ஏற்றுகிறார்கள். அந்த உறை, தண்டின் முனைக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். ஒரே அளவு என்று பெயரிட்டாலும் கம்பனிக்குக் கம்பனி முனை சற்று வேறுபடும். கம்பனி எது, அளவு எது என்று முன்கூட்டித் தெரிந்தால் சரியான பொருளை வரவழைத்து வைத்துக்கொண்டு திறக்கலாம். தெரியாவிட்டால், திறந்த பிறகு கையில் இருப்பதை வைக்கவேண்டிய நிலை வரும். அந்த நிலையில் சுலபமாகக் கையில் கிடைப்பது உலோகப் பந்துதான்.

அக்காமாரே, தங்கைமாரே, இதைத்தான் சொல்ல வந்தோம். ஒரு சிறிய ஒட்டுச்சீட்டு ஒருவருடைய கண்ணையும் இதயத்தையும் காப்பாற்றலாம்.

வேறு சமூகத்தைவிட எங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். எங்களுடைய ஒரு வகுப்பை எடுத்தால், ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி ஒஸ்லோவில், ஒருத்தி மெல்பேணில், ஒருத்தி வெள்ளவத்தையில், ஒருத்தி பிறந்த வளவிலேயே. மூட்டைச் சென்னையில் மாற்றிக்கொண்டு லண்டனில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் மாற்றிக்கொண்டு ஓய்வுக்கு ஊர் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். சுவீடனில் 1979இலிருந்தும் அவுஸ்திரேலியாவில் 1999இலிருந்தும் இங்கிலாந்தில் 2003இலிருந்தும் இடுப்பு மூட்டுகளுக்குத் தேசியப் பதிவேடு உண்டு. அந்தப் பதிவேடு அந்த நாட்டு எல்லைக்குள் உதவும். நாடு மாறினால் பதிவேடு எங்களோடு விமானம் ஏறி வராது. இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள். ஒரு கடதாசியின் பெறுமதியை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தக் கடதாசிகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்யவேண்டியது இதுதான். உங்களுக்கோ தாய்க்கோ மாமிக்கோ மூட்டு மாற்றியிருந்தால், வைத்தியசாலையிடம் சத்திரசிகிச்சை அறிக்கையின் பிரதியையும், மூட்டின் ஒட்டுச்சீட்டுகள் உள்ள பக்கத்தின் பிரதியையும் கேளுங்கள். ஒவ்வொரு உறுப்பின் பெட்டியோடும் அந்தச் சீட்டு வரும். தாதிமார் அதை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். கம்பனியின் பெயர், பொருளின் எண், தொகுதி எண், அளவு, எதனால் செய்தது என்பவை அதில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021இலிருந்து இந்த விபரங்கள் கொண்ட அட்டையை நோயாளிக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் செய்தவர்கள் கேட்டுத்தான் வாங்கவேண்டும். கேட்க வெட்கப்பட வேண்டாம். அது உங்கள் உடம்பு. வாங்கியதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, பிள்ளை ஒருவருக்கும் சிநேகிதி ஒருத்திக்கும் அனுப்பி வையுங்கள்.

"எனக்குச் செரமிக்" என்று சொல்வது மட்டும் போதாது. பந்து செரமிக்காகவும் உள்கிண்ணம் பொலித்தீனாகவும் இருப்பவர்கள் இன்று ஏராளம். இரண்டும் செரமிக்காக இருப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் பிழைக்கும் விதம் வேறு. ஆகவே பந்து எது, உள்கிண்ணம் எது என்று இரண்டையும் அறிந்திருங்கள்.

மீள் சத்திரசிகிச்சை என்று நிலைமை வந்தால், நிபுணரிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, எது பிழைத்தது, எப்படித் தெரியும்? இரண்டாவது, கிருமித்தொற்று இல்லை என்று பரிசோதித்தாயிற்றா? தொற்று இருந்தால் சிகிச்சையே வேறு. பழையதை எடுத்துவிட்டு, தொற்று மாறியபின் புதியதை வைப்பதும் உண்டு. மூன்றாவது, எந்த உறுப்புகளை மாற்றுவீர்கள், எவற்றை விடுவீர்கள்? நான்காவது, உடைந்தது செரமிக் என்றால், புதிய பந்து எதனால் செய்தது? ஐந்தாவது, இப்படிப்பட்ட மீள் சத்திரசிகிச்சைகள் இங்கே வழமையாக நடக்கின்றனவா, அல்லது வேறு இடத்துக்குப் போகவேண்டுமா? நல்ல வைத்தியர் எவரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். தனியே போகாமல், எழுதிக்கொள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மீள் சத்திரசிகிச்சை முதலாவதைப்போல் இலகுவானது அல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. நேரம் கூட எடுக்கும், இரத்தம் கூடப் போகும், மூட்டு விலகும் வாய்ப்பும் தொற்று வரும் வாய்ப்பும் கூட. தேறவும் கூடுதல் மாதங்கள் செல்லும். எங்கள் மூன்றாமவள் ஆறு கிழமை இரண்டு ஊன்றுகோல்களோடும், பிறகு பல மாதம் ஒரு கைத்தடியோடும் நடந்தாள். சவ்வெல்லாம் அகற்றி, தண்டை விட்டுக் கிண்ணத்தை மாற்றி, உறை அணிவித்துச் செரமிக் பந்து வைத்தார்கள். இன்று உங்கள் முன் நிற்கிறாள். ஆண்டுக்கொருமுறை எக்ஸ்ரே எடுத்துக் காட்டுகிறாள்.

எங்கள் வீட்டுப் பழக்கங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குந்தி இருப்பது, நிலத்தில் சம்மாணம் கொட்டி இருப்பது, குனிந்து கோலம் போடுவது, தாழ்ந்த முக்காலியில் இருந்து மீன் வெட்டுவது எல்லாம் மூட்டை அதிகம் மடக்கித் திருப்புபவை. மூட்டு விலகவும், தண்டின் கழுத்து கிண்ண விளிம்பில் இடிக்கவும் அது வழி. எவ்வளவு மடக்கலாம் என்பது ஆளுக்கும் சத்திரசிகிச்சை செய்த முறைக்கும் ஏற்ப மாறும். உங்கள் நிபுணரிடமே கேளுங்கள். கோயிலில் கதிரையில் இருந்து கும்பிட்டால் சாமி கோபிக்காது. மலசலகூடத்தில் கொமட்டும் சுவரில் ஒரு கைபிடியும் நகையைவிடப் பெறுமதியான முதலீடு. நீரிழிவு உள்ளவர்கள் காலில் புண், பல்லில் சீழ், சிறுநீர் எரிவு எதையும் நாள்கடத்த வேண்டாம். கிருமி இரத்தத்தின் வழியே மூட்டுக்குப் போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்று. எங்களை வளர்த்தவர்கள் பொறுமையைப் பெண்ணுக்கு அழகு என்று சொல்லி வளர்த்தார்கள். நோவைச் சொல்லாமல் சமைத்து, சொல்லாமல் நடந்து, சொல்லாமலே படுத்த தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இதே கல்லூரியில் எங்களுக்கு இன்னொன்றையும் படிப்பித்தார்கள். விளங்காவிட்டால் எழுந்து நின்று கேள்வி கேள் என்றார்கள். எங்கள் உடம்பின் விடயத்தில் இரண்டாவது பாடத்தையே பின்பற்றுவோம். இன்று வீட்டுக்குப் போனதும் அலுமாரியைத் திறந்து அந்த உறையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நாளைக்கே வைத்தியசாலைக்கு எழுதுங்கள். எழுத உதவி வேண்டியவர்கள் தேநீர் இடைவேளையில் எங்கள் மேசைக்கு வாருங்கள். பேனாவும் கடதாசியும் வைத்திருக்கிறோம்.

 எங்கள் கல்லூரித் தாய் இன்னும் பல நூற்றாண்டுகள் நிமிர்ந்து நிற்கட்டும். அவளுடைய பிள்ளைகளாகிய நாங்களும் எங்களால் முடிந்தவரை நிமிர்ந்தே நடப்போம்.